காலியாக விட்ட கட்டம்

டிபேஸ் 3 பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்ட பழைய நிரல் ஒன்றைத் திறந்து பார்த்தால், புதிய பதிவு சேர்க்கும் இடத்தில் பெரும்பாலும் ‘அப்பெண்ட் பிளாங்க்’ என்ற கட்டளை இருக்கும். அட்டவணையின் கடைசியில் வெறும் இடைவெளிகளால் ஆன ஒரு வரியை அது சேர்த்துவிடும். பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் அதற்குப் பிறகு ‘ரீபிளேஸ்’ கட்டளையால் அந்த வரிக்குள் போய் அமரும். எந்தப் பதிவும் காலியாகத்தான் பிறந்தது. இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் மின்சாரம் போனால் காலியாகவே நின்றும் போனது. இன்று அதே வேலைக்கு எழுதப்படும் நிரலில், கட்டாயக் கட்டங்கள் நிரம்பும்வரை பதிவு என்று ஒன்று உருவாவதே இல்லை. பிறந்தபின் நிரப்பியது அன்றைய வழி. நிரம்பியபின் பிறப்பது இன்றைய வழி.

அன்றைய திரை 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். ‘சே’ என்பது கட்டத்தின் தலைப்பை எழுதும், ‘கெட்’ கட்டத்தைக் காட்டும், ‘ரீட்’ என்றதும் கர்சர் முதல் கட்டத்தில் வந்து நிற்கும். உள்ளே வரும் எழுத்தின் வடிவைக் கட்டுப்படுத்த ‘பிக்சர்’ இருந்தது. எண்ணும் தேதியும் எந்த எல்லைக்குள் அமைய வேண்டும் என்று சொல்ல ‘ரேஞ்ச்’ இருந்தது. இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று சொல்ல மட்டும் தனிச்சொல் இல்லை. நிரலாளர் அதைத் தாமே ஒரு ‘டூ வைல்’ சுழலாக எழுதினார்: பெயரின் ஓரத்து இடைவெளிகளை ‘ட்ரிம்’ கொண்டு நீக்கு, மிஞ்சும் நீளம் பூஜ்யமாக இருக்கும்வரை மறுபடியும் கேள். திரையின் அடியில் ஓர் எச்சரிக்கை வரி வரும், கூடவே ஒரு பீப் ஒலி.

இந்தச் சிறிய சோதனையிலும் ஒரு பள்ளம் இருந்தது. ‘செட் எக்ஸாக்ட்’ அணைந்திருக்கும் இயல்பு நிலையில், டிபேஸ் மொழிக் குடும்பம் இரண்டு சரங்களை வலப்பக்கச் சரத்தின் நீளம் வரைக்குமே ஒப்பிடும். வலப்பக்கத்தில் ஒன்றுமில்லாத சரத்தை வைத்தால் ஒப்பிடுவதற்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆகவே எந்தப் பெயரும் காலிக்குச் சமம் என்றே விடை வரும். முழுப் பெயரைத் தட்டி முடித்த ஆபரேட்டரிடம் ‘பெயர் காலியாக உள்ளது’ என்று திரை சொல்லும். நீளத்தை அளந்து பார்க்கும் பழக்கம் இதனால்தான் வேரூன்றியது. வேறு மொழிகளுக்குப் போன பிறகும் அந்தத் தலைமுறை நிரலாளர்கள் அதைக் கைவிடவில்லை.

காலி இடத்துக்கு அன்று விலையும் உண்டு. டிபேஸ் தகவலைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பில் ஒவ்வொரு எழுத்து ஃபீல்டுக்கும் அகலம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் அத்தனை பைட்டும் போய்விடும். முகவரியின் மூன்றாம் வரிக்கு 40 எழுத்து ஒதுக்கி, 10,000 பேரில் ஒருவருக்கும் அதில் எதுவும் எழுதாமல் விட்டாலும் 4,00,000 பைட் செலவு. 360 கேபி ஃப்ளாப்பி ஒன்றின் மொத்தக் கொள்ளளவே 3,68,640 பைட். ஒன்றுமே எழுதாத ஒரு ஃபீல்டு ஒரு ஃப்ளாப்பியை முழுதாக எடுத்துக்கொண்டு அடுத்ததிலும் இடம் கேட்டது. அதனால் ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்குமுன் இது தேவையா என்று யோசித்தார்கள். இன்று உரை ஃபீல்டுகள் தேவைக்கேற்ப நீளுகின்றன. காலி ஃபீல்டு ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை. இடத்தின் விலை போனதோடு அந்த யோசனையும் தளர்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே திரையில் அடங்கியாக வேண்டியிருந்த படிவம் இன்று நான்கைந்து டேப்களாக விரிகிறது, ஒவ்வொன்றிலும் சிவப்பு நட்சத்திரக் குறிகள்.

எண்களின் கதை வேறு. நிரப்பாமல் விட்ட எண் ஃபீல்டை டிபேஸ் பூஜ்யமாகவே படித்தது. இருபது பேரில் பதினைந்து பேருக்கு வயது 40, ஐந்து பேரின் வயது தெரியாது என்றால், சராசரி 30 என்று அறிக்கையில் அச்சாகும். பாக்கித் தொகை பூஜ்யம் என்பவரும் பாக்கி எவ்வளவு என்றே பதிவாகாதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

டிபேஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிளிப்பரின் 1987ஆம் ஆண்டு ‘சம்மர் 87’ பதிப்பில் எழுதியவர்களுக்கும், பின்னர் அதே குடும்பத்து ஃபாக்ஸ்புரோவுக்கு வந்தவர்களுக்கும் ‘வேலிட்’ கைகொடுத்தது. ‘கெட்’ வரியின் வாலில் ‘வேலிட்’ என்று எழுதி, அதன் பக்கத்தில் ‘எம்ப்டி’ செயல்கூற்றின் மறுப்பைச் சேர்த்தால் போதும். முன்பு ஐந்தாறு வரி பிடித்த சுழல் ஒரு வரியின் நுனியில் அடங்கியது. கட்டம் நிரம்பாமல் கர்சர் நகராது. ஆனால் எஸ்கேப் விசையை அழுத்தினால் ‘ரீட்’ முழுவதும் முடிந்துவிடும். பேஜ் டவுன் அழுத்தினால் நின்றிருந்த கட்டத்தை மட்டும் சோதித்துவிட்டு, கீழே உள்ளவற்றைத் தொடாமலே வெளியேறிவிடும். வேகமாகத் தட்டும் ஆபரேட்டர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். கட்டங்களை ஒவ்வொன்றாகக் காவல் காத்தாலும் கடைசியில் ஒருமுறை மொத்தத்தையும் பார்த்தாக வேண்டும் என்ற பாடம் இங்கேதான் கிடைத்தது. பின்னால் வந்த ஒவ்வொரு கருவியும் அதே பாடத்தைப் புதிதாகக் கற்றுத்தந்தது.

அந்தக் காலத்தில் உண்மையான சோதனை திரைக்கு வெளியே நடந்தது. நாள் முடிவில் பதிவுகளை 132 எழுத்து அகலத் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்து, மூலத் தாள்களோடு வைத்து, ஒருவர் படிக்க இன்னொருவர் சிவப்பு மையால் குறிப்பார்கள். காலியான இடங்கள் தாளில் வெள்ளையாகவே தெரியும். அதுவும் வேண்டாம் என்றால், டிபேஸில் கட்டளை தட்டும் புள்ளித் தூண்டியில் ‘லிஸ்ட் ஃபார்’ என்று தொடங்கும் ஒற்றைக் கட்டளை போதும். தொலைபேசி எண் இல்லாதவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். அந்தப் பட்டியல் அப்படியே அடுத்த வாரத்து வேலையாகிவிடும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஊர்ப்பெயர் விடுபட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும், மறுநாள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆளை நினைவுபடுத்திச் சொல்லி எழுத வைப்பார். ஏறக்குறைய அதே முறைதான் இது.

1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வந்தது. அதே ஆண்டில்தான் ஃபாக்ஸ்புரோவைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனத்தையும் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விண்டோஸ் வழியாக மேசைக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தவற்றில் முக்கியமானது நல் என்னும் கருத்து. உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு 1970இல் அடித்தளமிட்ட ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கோட், 1985இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற விதிகளில் மூன்றாவதாக இதை வைத்தார்: தெரியாத தகவலுக்கு ஒரு தனிக்குறி வேண்டும், அது காலிச் சரத்திலிருந்தும் இடைவெளியிலிருந்தும் பூஜ்யத்திலிருந்தும் வேறாக இருக்க வேண்டும். 1990இல் எழுதிய நூலில் இன்னும் ஒரு படி போனார். மதிப்பு உண்டு, ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறி. இவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது என்பதற்கு இன்னொரு குறி. தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல் ஒரே நல்லோடு நின்றுவிட்டது. அந்த ஒன்றே வேண்டாம் என்று தரவுத்தள நூலாசிரியர் கிறிஸ் டேட் நெடுங்காலம் வாதிட்டார்.

சராசரி கணக்கு இதனால் சரியாயிற்று. வயது தெரியாதவர்கள் கூட்டலிலும் வகுத்தலிலும் சேரவில்லை. நிரலாளருக்கோ ஒரு காலி இரண்டு காலியாகப் பிரிந்தது. ஆக்சஸ் படிவத்தில் தொடாமல் விட்ட டெக்ஸ்ட் பாக்ஸின் மதிப்பு நல். அதைக் காலிச் சரத்தோடு ஒப்பிட்டால் உண்மை என்றும் வராது, பொய் என்றும் வராது, நல் என்றே வரும். ‘இஃப்’ அதைப் பொய்யாக எடுத்துக்கொள்ளும், எச்சரிக்கை வராமலே பதிவு உள்ளே போய்விடும். ‘இஸ் நல்’ என்று கேட்டால் காலிச் சரம் தப்பிவிடும். ஆகவே மதிப்போடு ஒரு காலிச் சரத்தை ஒட்டி, ட்ரிம் செய்து, நீளம் பூஜ்யமா என்று பார்த்தார்கள். எண்பதுகளின் அதே அளவுகோல் புதிய மொழியில் மறுபடி வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் நிரல்மொழியான விஷுவல் பேசிக்கில் இதன் மறுபக்கம்: அங்கே டெக்ஸ்ட் பாக்ஸ் நல்லை ஏற்காது, அட்டவணையிலிருந்து நல் வந்தால் 94ஆம் எண் பிழை காட்டி நிரல் நின்றுவிடும். அதனால் அந்தக் கால நிரல்களில் ஃபீல்டு பெயர் வரும் இடமெல்லாம் பின்னால் ஒரு காலிச் சரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மவுஸ் வந்ததால் வரிசையும் குலைந்தது. முன்பு கர்சர் மேலிருந்து கீழே, காகிதப் படிவத்தின் வரிசையிலேயே போயிற்று. இப்போது எந்தக் கட்டத்துக்கும் யாரும் தாவலாம், எதையும் தொடாமலே போகலாம். தொடாத கட்டத்தில் அந்தக் கட்டத்துக்கான ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வு நடக்கவே நடக்காது. காலியைப் பிடிக்கக் கட்டத்தில் காத்திருப்பதில் பயனில்லை, படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’டில்தான் காத்திருக்க வேண்டும் என்று ஆக்சஸ் பழகியவர்கள் தெரிந்துகொண்டார்கள். கட்டாயக் கட்டங்களின் ‘டேக்’ பண்பில் ஓர் அடையாளச் சொல்லை எழுதிவைத்து, எல்லாக் கட்டங்களையும் ஒரே சுழலில் சுற்றிவந்து, காலியானதைக் கண்டால் சேமிப்பை ரத்து செய்து கர்சரை அங்கே கொண்டுபோய் வைப்பது பரவலான முறை. படிவம் மாறினாலும் நிரலை மாற்ற வேண்டியதில்லை. எளிய, அழகான தீர்வு அது.

விஷுவல் பேசிக்கின் தொடக்கப் பதிப்புகளில் ‘லாஸ்ட் ஃபோகஸ்’ நிகழ்வில் சோதித்தவர்கள் பட்டபாடு தனி. ஒரு காலிக் கட்டத்தை விட்டு அடுத்த காலிக் கட்டத்துக்குப் போனால், முதலாவது கர்சரைத் திரும்ப இழுக்கும். அப்படி இழுத்ததால் இரண்டாவது தன் கர்சரை இழந்து அதுவும் இழுக்கும். மெசேஜ் பாக்ஸ் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், நிரலை வலுக்கட்டாயமாக மூடுவதைத் தவிர வழியில்லை. 1998இல் வந்த ஆறாம் பதிப்பு ‘வேலிடேட்’ நிகழ்வையும் ‘காஸஸ் வேலிடேஷன்’ பண்பையும் கொடுத்து இதைத் தீர்த்தது. ஆனால் கேன்சல் பொத்தானுக்கு அந்தப் பண்பை அணைக்க மறந்தால், தவறாகத் திறந்த படிவத்தை மூடுவதற்குக்கூட அதை நிரப்பியாக வேண்டும். டூல்பாரிலுள்ள சேவ் பொத்தானோ ஃபோகஸை வாங்கிக்கொள்வதே இல்லை என்பதால் சோதனை இல்லாமலே சேமித்துவிடும்.

அந்த மெசேஜ் பாக்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. திரையின் நடுவில் வந்து எல்லாவற்றையும் நிறுத்தி, ஓகே அழுத்தும்வரை எதையும் செய்ய விடாது. ஏழு கட்டங்கள் காலி என்றால் ஏழு முறை வரும். ஐந்தாவது முறைக்குள் ஆபரேட்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்டர் விசையை மட்டும் அழுத்தத் தொடங்கியிருப்பார். 2002இல் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் நிரல்தளத்தோடு வந்த ‘எரர் புரொவைடர்’ இதில் பெரிய மாற்றம். காலிக் கட்டத்தின் பக்கத்தில் சின்ன சிவப்புக் குறி 250 மில்லிவினாடிக்கு ஒருமுறை சில தடவை சிமிட்டிவிட்டு நிலைத்து நிற்கும். மவுஸை மேலே வைத்தால் காரணம் சொல்லும். ஏழு கட்டங்களும் ஒரே பார்வையில் தெரிந்தன, எதை முதலில் நிரப்புவது என்பதைப் பயனரே தீர்மானிக்க முடிந்தது. 2006இல் டாட்நெட்டுக்கு வந்த திரை வடிவமைப்புக் கருவியான டபிள்யூபிஎஃப் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டது. 2010இல் டாட்நெட் 4 கொடுத்த ‘இஸ் நல் ஆர் ஒயிட் ஸ்பேஸ்’ நல்லையும் காலிச் சரத்தையும் வெறும் இடைவெளிகளையும் ஒரே கேள்வியில் பிடித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நிரலாளர்கள் கையால் எழுதிவந்த அளவுகோல் அன்றுதான் ஒரு பெயரோடு நூலகத்துக்குள் வந்தது.

இவையெல்லாம் உண்மையான லாபங்கள். ஆபரேட்டரின் நேரம் மிச்சம், அறிக்கைகள் சீர், விடுபட்ட தகவல் ஆள் எதிரில் இருக்கும்போதே கேட்டு வாங்கப்படுகிறது. இருந்தும் இன்றைய அட்டவணை ஒன்றைத் திறந்து கட்டாயக் கட்டங்களைக் கீழே வாசித்துக்கொண்டு போனால் வேறொன்று தெரியும். தொலைபேசி எண் 9999999999. மின்னஞ்சலில் யாரோ ஒருவருடைய முகவரி நூறு பேருக்கு. தந்தை பெயரில் ஒரு புள்ளி. ஓர் எழுத்து போதாது, மூன்று வேண்டும் என்று விதி இறுகிய இடங்களில் மூன்று புள்ளி. ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரில் வரிசை நிற்கிறது, வந்தவருக்குப் பதில் தெரியவில்லை, சேவ் பொத்தானோ மங்கிக் கிடக்கிறது. அவருக்கு இருந்த ஒரே வழியை அவர் எடுத்தார். அன்றைய வெள்ளை இடத்தை ஒற்றைக் கட்டளை தேடித் தந்தது. இன்றைய புள்ளியையும் ஒன்பதுகளையும் எந்தச் சோதனையும் காலி என்று சொல்லாது.

தேதியில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. டிபேஸில் நிரப்பாத தேதி எட்டு இடைவெளிகள். திரையில் இரண்டு சாய்கோடுகள் மட்டும் தெரியும், பார்த்ததும் புரியும். விஷுவல் பேசிக்கின் தேதி மாறியால் காலியாக இருக்க முடியாது. ஒன்றும் வைக்காவிட்டால் அது 1899 டிசம்பர் 30. எஸ்கியூஎல் சர்வரில் காலிச் சரத்தைத் தேதியாக மாற்றினால் 1900 ஜனவரி 1. டாட்நெட்டில் முதலாம் ஆண்டு ஜனவரி 1. நல்லை ஏற்கும் தேதி வகை 2005இல்தான் வந்தது. விண்டோஸ் படிவங்களின் டேட் டைம் பிக்கர் கட்டம் தொடக்கத்திலேயே இன்றைய தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கும், அதை யாரும் தொடாவிட்டால் எழுபது வயதுக்காரரும் பதிவு செய்த நாளில் பிறந்தவராகிவிடுவார். காலி இல்லை, ஆகவே சோதனையில் தேறிவிட்டது.

நம் பெயர்களும் இந்தக் கட்டாயத்துக்குள் மாட்டிக்கொண்டன. பழைய நிரல்களில் பெயருக்கு 30 எழுத்தில் ஒரே ஃபீல்டு வழக்கம். இனிஷியலும் பெயரும் அதற்குள் எந்த வரிசையிலும் இருந்துகொள்ளும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் இரண்டாகி, இரண்டும் கட்டாயமானபோது, குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாத தமிழருக்கு எழுத எதுவும் இல்லை. சிலர் இனிஷியலை இட்டார்கள், சிலர் தந்தை பெயரை, சிலர் தம் பெயரையே இரண்டு முறை. வருமான வரித் துறையின் பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது. பாஸ்போர்ட்டில் முன்பெயர் இல்லாதவருக்கு அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யூ’ என்று, முதற்பெயர் தெரியவில்லை எனும் குறிப்பு ஏறுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் வருகை விசாக்காரர்களை அனுமதிப்பதில்லை என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. காலியான ஒரு கட்டம் விமான நிலையம் வரைக்கும் ஆளைத் தொடர்ந்துவந்தது.

தந்தை பெயர் என்ற கட்டத்துக்கும் இதே வரலாறு. பான் விண்ணப்பத்தில் அது நெடுங்காலம் கட்டாயம். தாய் ஒருவராலேயே வளர்க்கப்பட்டவர்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கி விதி திருத்தப்பட்டது; 2018 டிசம்பர் 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிரலாளர் ஒருவருக்கு அது ஒரு சிறிய நிபந்தனை வரி. அந்தப் பிள்ளைகளுக்கு, பதில் இல்லாத ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முதல்முறையாகக் கிடைத்த அனுமதி.

கவனமாக வடிவமைக்கப்படும் இன்றைய மேசைக் கணினி நிரல்கள் சிலவற்றில் வேறொரு போக்கு தெரிகிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. எது இல்லாமல் பதிவுக்கே பொருளில்லையோ அந்த இரண்டு மூன்று கட்டங்களை மட்டும் அட்டவணையிலேயே ‘நாட் நல்’ என்று பூட்டுகிறார்கள். பெயருக்கு மறுபடி ஒரே கட்டம் வைக்கிறார்கள். மற்றவை காலியாக இருந்தாலும் பதிவு சேமிக்கப்படுகிறது, முழுமையாகவில்லை என்ற அடையாளத்தோடு. முக்கியமான கேள்விகளின் பக்கத்தில் ‘தெரியவில்லை’, ‘பொருந்தாது’ என்று இரண்டு தேர்வுப் பெட்டிகள் இருக்கின்றன. கோட் 1990இல் கேட்ட இரண்டு குறிகள் தரவுத்தள எஞ்சினுக்குள் வராமலே போய், படிவத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கின்றன. முழுமையாகாத பதிவுகளை ஒரு பொத்தானில் பட்டியலிடவும் முடிகிறது. அந்தப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து விடுபட்டதைக் கேட்டு எழுத ஓர் ஆளை நியமிக்கும் அலுவலகங்கள்தான் இன்னும் குறைவு.